டாக்டரம்மா பதில்கள்: மூன்றாம் நாள் யார் நிறுத்துவது?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "கொரோனா வார்டுகளில் நாங்கள் ஏற்றிய ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பகுதி தேவையே இல்லாதது" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதம். எனவே சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலிக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் இல்லை. மைக்ரோபயாலஜி. கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று சொல்லும் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவள். கொரோனாவின் இரண்டு அலைகளிலும் அங்கேதான் இருந்தேன்.

கேள்வி: 2021 மே மாதம் என் கணவரைக் கொரோனாவுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு நாள் கழித்து நல்லபடியாக வீடு வந்தார். அண்மையில் அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். பில்லில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி மட்டும் 27 குப்பி. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்று நானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எங்களை ஏமாற்றினார்களா?
— ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, பொள்ளாச்சி

டீச்சர், 27 குப்பி என்றால் வேளைக்கு ஒரு கிராம், நாளுக்கு மூன்று வேளை, ஒன்பது நாள். பில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மே மாதத்தில் ஒவ்வொரு டாக்டரும் பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்துக்கு ஒரு பாடப்புத்தகக் காரணமும் உண்டு. 1918 இன்ஃப்ளுயன்ஸாவில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரை எடுத்தது வைரஸுக்குப் பின்னால் நுழைந்த பாக்டீரியா நிமோனியா. பாதுகாத்து வைத்திருந்த பழைய நுரையீரல் துணுக்குகளை எடுத்துப் பார்த்து 2008-ல் இதை எழுதினார்கள். வைரஸ் கதவைத் திறக்கும், பாக்டீரியா உள்ளே வரும் என்று படித்து வந்தவர்கள் நாங்கள். கொரோனாவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

அது அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி முதல் 2023 மார்ச் வரை 65 நாடுகளில் மருத்துவமனையில் சேர்ந்த சுமார் நாலரை லட்சம் கொரோனா நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, 2024 ஏப்ரலில் வெளியிட்டது. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் அளவுக்குப் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருந்தவர்கள் 8 சதவீதம். ஆன்டிபயாட்டிக் வாங்கியவர்களோ நாலில் மூன்று பேர். ஆக, உங்கள் கணவருக்கு மட்டும் நடந்ததில்லை, நம் நாட்டில் மட்டும் நடந்த கூத்தும் இல்லை.

முதல் நாள் ஊசி போட்டதில் எனக்குக் கோபமே இல்லை. காய்ச்சல் 103, ஆக்ஸிஜன் 86, சிடி படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை. சிஆர்பி என்று உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எகிறியிருக்கும், ஆனால் கொரோனாவே சிஆர்பியை ஏற்றிவிடும் என்பதால் அதை வைத்துப் பாக்டீரியா உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. புரோகால்சிடோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அது ஓரளவு வழிகாட்டும். ராத்திரி ஒரு மணிக்கு அதைச் செய்து தரும் லேப் எத்தனை ஊரில் இருந்தது? எனவே போட்டார்கள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

என் கோபம் மூன்றாம் நாள் மேல்தான். ஆன்டிபயாட்டிக்கைச் சந்தேகத்தின் பேரில் தொடங்கினால், தொடங்கும் முன்பே ரத்தமும் சளியும் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்க, அனுப்பிவிட்டு, 48 மணி நேரம் கழித்து ஒருதரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒன்றும் வளரவில்லை, நோயாளியும் தேறுகிறார் என்றால் நிறுத்த வேண்டும். உங்கள் கோப்பில் கல்ச்சர் ரிப்போர்ட் என்று ஒரு தாள் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. சளி எடுக்கும்போது நோயாளி இருமுவார், எடுப்பவருக்குத் தொற்றும் என்ற அச்சத்தில் அந்த மாதிரிகள் எங்கள் கூடத்துக்கு வருவதே நின்றுபோனது. காலையில் டிரே நிறைய வரும் இடத்தில் மூன்று டப்பா இருக்கும். கொரோனா பரிசோதனைக்கான குழாய்கள் மட்டும் மலை மாதிரி குவிந்திருக்கும். எங்கள் டெக்னீஷியன்களும் அந்த மலையைக் கரைக்கத்தான் போனார்கள்.

அப்புறம் அந்த மூன்றெழுத்து. உங்கள் கேஸ் ஷீட் நகல் கையில் இருந்தால், தினமும் ஒருவர் "சிஎஸ்டி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். 'கன்டினியூ சேம் டிரீட்மென்ட்', அதாவது நேற்றுக் கொடுத்ததையே இன்றும் கொடு. பிபிஇ என்ற பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணி நேரம் வெந்துவிட்டு வெளியே வரும் டியூட்டி டாக்டர், முந்தைய டாக்டர் தொடங்கிய மருந்தைத் தன் பொறுப்பில் நிறுத்தமாட்டார். நிறுத்தி நோயாளி இறந்தால் கேள்வி வரும், தொடர்ந்து கொடுத்து இறந்தால் வராது. உங்கள் 27 குப்பியில் ஏழெட்டை நான் அந்த முதல் ராத்திரிக்கும் அதை அடுத்த இரண்டு நாளுக்கும் விட்டுக்கொடுத்துவிடுவேன். மிச்சம் அத்தனையும் சிஎஸ்டி.

கேள்வி: எனக்கும் தம்பிக்கும் பாசிட்டிவ் வந்தபோது மருத்துவமனையில் பார்த்துவிட்டு, அசித்ரோமைசின் ஐந்து நாளைக்குக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது. வேலை செய்யாத மருந்தில் எப்படிச் சரியானது?
— ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு

தம்பி, அந்த ஐந்து நாளும் கோடி வீட்டுப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்திருந்தாலும் சரியாகியிருக்கும். உங்கள் வயதில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியானது.

ஆனால் இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கதை. 2020 மார்ச்சில் பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 36 நோயாளிகள். அதில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தோடு அசித்ரோமைசினும் வாங்கியவர்கள் ஆறே பேர். மருந்து வாங்கியவர்களில் ஐசியூவுக்குப் போனவர்களையும் இறந்த ஒருவரையும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஆறு பேரை நம்பி அமெரிக்க ஜனாதிபதி ட்வீட் போட்டார், உலகமே ஓடியது. நம் சுகாதார அமைச்சகமும் மார்ச் 31 வழிகாட்டுதலில், ஐசியூவில் இருக்கும் கடுமையான நோயாளிகளுக்கு இந்த ஜோடியைப் பரிசீலிக்கலாம் என்றது. ஜூன் திருத்தத்தில் அசித்ரோமைசினை எடுத்துவிட்டார்கள். அதற்குள் அது வார்டை விட்டு இறங்கி, ஓபி, கிளினிக், மருந்துக்கடை, பக்கத்து வீடு என்று போய்ச் சேர்ந்திருந்தது. மார்செய் ஆய்வை 2024 டிசம்பரில் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் பிரிட்டனில் 'ரெக்கவரி' ஆய்வை நடத்தியவர்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அசித்ரோமைசின் வாங்கிய 2,582 பேரில் 561 பேர் இறந்தார்கள், வாங்காத 5,181 பேரில் 1,162 பேர். போட்டுப் பாருங்கள், இரண்டும் 22 சதவீதம். 2020 டிசம்பரிலேயே முடிவு வெளிவந்துவிட்டது. உங்களுக்கு இரண்டாம் அலையில் வந்திருந்தால், அந்த முடிவு வந்து மாதக்கணக்கான பிறகும் உங்கள் கையில் அந்த மாத்திரையைத் திணித்திருக்கிறார்கள்.

2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை, முதல் அலையில், இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக விற்ற ஆன்டிபயாட்டிக் சுமார் 21.6 கோடி டோஸ் என்று தனியார் விற்பனைக் கணக்கை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் அசித்ரோமைசின் மட்டும் 3.8 கோடி.

போனால் போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் டைபாய்டு. சிப்ரோஃபுளாக்ஸசின் நம் ஊர் டைபாய்டுக்குப் பல வருஷம் முன்பே தோற்றுப்போயிற்று. இப்போது மாத்திரையாகக் கொடுக்கக் கையில் இருப்பவற்றில் முக்கியமானது அசித்ரோமைசின். அது போனால் டைபாய்டு வந்த பல பிள்ளைகளுக்கு ஊசிதான், படுக்கைதான். இன்னொன்று, இந்த மாத்திரை ஐந்து நாள் சாப்பிட்டாலும் உடம்பில் அதற்கு மேலும் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும். குடலில் இருக்கும் கிருமிகள் அந்தக் குறைந்த அளவில் நிதானமாகப் பாடம் படித்துக்கொள்ளும்.

கேள்வி: பிபிஇ போட்டு, இரண்டு கிளவுஸ் போட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஐசியூவில் வேலை பார்த்தோம். அங்கேதான் மருந்துக்கு அடங்காத கிருமி பரவியது என்று இப்போது சொன்னால், எங்கள் மேல் பழி போடுவது மாதிரி இருக்கிறது, மேடம்.
— ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில்

பழி இல்லை சிஸ்டர். உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பதில் எழுத எடுத்தேன், எழுத வராமல் கடைசியில்தான் எழுதி முடித்தேன்.

பிபிஇ போட்டவரைத்தான் காப்பாற்றும். அடுத்த படுக்கைக்காரரைக் காப்பாற்ற, படுக்கைக்குப் படுக்கை கையுறை மாற்ற வேண்டும், கை கழுவ வேண்டும், மேலங்கியும் மாற்ற வேண்டும். ஒரே உடையில் ஆறு மணி நேரம் இருப்பவர் எதை மாற்றுவார்? வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது ஏட்டுக் கணக்கு. உங்களுக்கு எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் இங்கே அச்சிடவில்லை. குப்புறப் படுக்கவைக்க நாலு பேர் சேர்ந்து ஒருவரைக் கட்டிப் புரட்டிவிட்டு, அதே உடையோடு அடுத்தவரைக் கட்டிப் புரட்டினீர்கள். அசினெட்டோபாக்டர் என்றொரு கிருமி உண்டு. காய்ந்த கட்டில் கம்பியிலும் மானிட்டர் திருகிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்கு அது திருவிழா.

அதோடு எல்லோருக்கும் ஸ்டீராய்டு. டெக்ஸாமெதசோன் உண்மையிலேயே உயிர் காத்த மருந்து, சந்தேகமில்லை. ஆனால் அது எதிர்ப்புச் சக்தியையும் தணிக்கும், காய்ச்சலையும் மறைக்கும். கழுத்தில் ஊசிக் குழாய், தொண்டையில் குழாய், கீழே சிறுநீர்க் குழாய். முதல் நாளிலிருந்தே மெரோபெனம் ஏற்றி, அடங்கும் கிருமிகளையெல்லாம் கொன்றாயிற்று. காலி மனையில் அடங்காதவை குடியேறின.

ஜூன் மாதத்தில் ஒரு காலை என் மேஜைக்கு வந்த தட்டு ஒன்று இன்னும் கண்ணில் இருக்கிறது. கிருமி வளர்க்கும் மெக்கான்கி அகார் தட்டு. மூடியைத் திறந்தால் பஞ்சுமிட்டாய் நிறத்தில், கொழகொழவென்று பெரிய பெரிய திட்டுகள். லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் தேன் மாதிரி நூலிழுத்தது. கிளெப்ஸியெல்லா என்ற பாக்டீரியா. பெயர் தெரிய இயந்திரமே தேவையில்லை, கண்ணே போதும். அதை இன்னொரு தட்டில் புல்வெளி மாதிரி பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைத்து ராத்திரி முழுக்க விடுவோம். மருந்து வேலை செய்தால் மறுநாள் வட்டைச் சுற்றி நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது மாதிரி ஒரு வெற்று வளையம் தெரியும், அதை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்போம். மறுநாள் அந்தத் தட்டில் அளக்க ஒன்றும் இல்லை. ஆறு வட்டு, ஆறின் விளிம்பையும் முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. மெரோபெனம் வட்டின் மேலேயே ஏறிவிடும் போலிருந்தது. நோயாளிக்கு அப்போது மெரோபெனம் ஏழாம் நாள் போய்க்கொண்டிருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கூட்டமைப்பின் பத்து மருத்துவமனைகளில் 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 17,534 கொரோனா நோயாளிகளைப் பார்த்தார்கள். மருத்துவமனைக்கு வந்த பின் இரண்டாவதாக ஒரு தொற்று சேர்ந்தது 3.6 சதவீதம் பேருக்குத்தான். கொஞ்சம்தானே என்று தோன்றும். மொத்த நோயாளிகளில் இறந்தவர்கள் 10.6 சதவீதம், இந்தக் கொஞ்சம் பேரில் இறந்தவர்கள் 56.7 சதவீதம். இவர்கள் ஏற்கெனவே மோசமாக இருந்தவர்கள், எனவே எல்லா மரணத்தையும் கிருமி கணக்கில் எழுத முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொற்றுகளில் முதலிடம் கிளெப்ஸியெல்லாவுக்கு, இரண்டாமிடம் அசினெட்டோபாக்டருக்கு. பணமும் ஆளும் இருக்கும் அமெரிக்காவிலேயே, மருத்துவமனையில் தொற்றும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளும் அவற்றால் வந்த மரணங்களும் 2020-ல் குறைந்தது 15 சதவீதம் கூடின. உங்கள் கை காரணம் என்றால் அங்கே யார் கை?

கேள்வி: கொரோனாவுக்குப் பின் ஐசியூவில் இருந்த அப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லா மருந்துக்கும் 'ஆர்' என்று இருந்தது. கோலிஸ்டினுக்கு மட்டும் 'ஐ'. 'ஐ' என்றால் பாதிதான் வேலை செய்யுமா? அதனால்தான் அப்பா போனாரா?
— வாசகி, நாமக்கல்

அம்மா, 'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. 'எஸ்' என்றால் அடங்கும். 'ஐ' இரண்டுக்கும் நடுவே. கோலிஸ்டினைப் பொறுத்தவரை ஒரு விசேஷம்: பல லேப்கள் பின்பற்றும் அமெரிக்கத் தர விதிகளில் 2020 முதல் அதற்கு 'எஸ்' என்ற கட்டமே கிடையாது. அந்த விதிப்படி வரக்கூடிய நல்ல ரிப்போர்ட்டே 'ஐ'தான். காரணம், மருந்தே அப்படி. 1950-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுபதுகளில் ஓரம்கட்டப்பட்ட பழைய மருந்து அது. வேறு வழி இல்லாமல் பரணிலிருந்து இறக்கினோம். அப்பாவுக்குக் கொடுத்தது தவறில்லை. அவர் ஏன் போனார் என்று ஒரு தாளை வைத்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும், சொல்ல மாட்டேன்.

உங்கள் ஊர் என்பதால் இன்னொன்று. இதே கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதைத் தடைசெய்தது. கொரோனா வருவதற்கு ஆறேழு மாதம் முன்பு.

கொரோனாதான் இந்தக் கிருமிகளைக் கொண்டுவந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். மெரோபெனத்தைச் செரித்துவிடும் என்டிஎம் (முதல் இரண்டு எழுத்து 'நியூ டெல்லி') நொதியைப் பற்றி 2010-ல் உலகமே பேசிய ஆய்வுக் கட்டுரையில் சென்னை மாதிரிகளும் இருந்தன. டெல்லிப் பெயரை வைத்துவிட்டார்கள் என்ற சண்டையில் விஷயம் அடிபட்டுப்போனது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு செயல்திட்டம் போட்டன. கொரோனா வந்து, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த கூரைக்குக் காற்று வீசிற்று.

கேள்வி: 2021-ல் வாங்கிய அசித்ரோமைசினில் மூன்று மாத்திரை மீதி இருக்கிறது. சளிக்குப் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், விருதுநகர்

கூடாது. தேதியும் போயிருக்கும்.

கேள்வி: நான் பொது மருத்துவத்தில் முதலாண்டு பிஜி, மேற்படிப்புப் படிக்கிறேன். ஊர் வேண்டாம். யூனிட் சீஃப் தொடங்கிய ஆன்டிபயாட்டிக்கை நான் எப்படி மேடம் நிறுத்தச் சொல்வது?

சொல்ல முடியாதுதான். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், அதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்து.

இரண்டாம் அலை சற்றுத் தணிந்ததும் ரோஸ் நிறக் காகிதத்தில் சின்னச் சீட்டு அச்சடித்தேன். "ஆன்டிபயாட்டிக் தொடங்கி 48 மணி நேரம் ஆகிறது. கல்ச்சர் முடிவு இது. தொடர வேண்டுமா? ஆம் எனில் காரணம்." காரணத்துக்கு ஒரு கோடு. கல்ச்சர் ரிப்போர்ட்டோடு சேர்த்து கேஸ் ஷீட்டில் பின் அடித்து அனுப்புவோம். முதல் வாரம் திரும்பி வந்த சீட்டுகளில் காரணம் என்ற கோட்டின் மேல் என்ன எழுதியிருந்தது தெரியுமா? சிஎஸ்டி.

ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மூத்த மருத்துவர் போன் செய்தார். "நீங்கள் என் நோயாளியைப் பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தேன். அவர் கேட்டது நியாயம் என்பதால் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை பிபிஇ போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். நோயாளி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆக்ஸிஜன் குழாய் ஓரமாகக் கிடந்தது. மருத்துவர் என்னைப் பார்த்தார், நான் இட்லித் தட்டைப் பார்த்தேன். அன்றைக்கே பிப்டாஸ் என்ற ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினார். அதே வாரம் இன்னொருவர்: கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, ஆனால் ஆள் துவண்டு கிடந்தார், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நானே அந்தச் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

எனவே தம்பி, நிறுத்துங்கள் என்று சீஃபிடம் சொல்லாதீர்கள். ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டை நீட்டும்போது, "சார், இன்று மெரோ மூன்றாம் நாள், கல்ச்சர் நெகட்டிவ், நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை" என்று நாளையும் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். அடுத்த வாக்கியத்தை அவரே சொல்லட்டும். ஊசி தொடங்கும் முன் ரத்தம் எடுத்து அனுப்புவது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அதை விட்டுவிட்டால் மூன்றாம் நாள் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ரோஸ் சீட்டு ஒரு கட்டு என் பீரோவில் மிச்சம் கிடக்கிறது. வேண்டுமென்றால் ஆசிரியர் குழுவுக்கு முகவரி எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.